பேரேட்டுக்கு ஏற்ற சாளரத்தை அமைத்துத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோட்டையூரில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில், ஒரு தேக்குப் பெட்டிக்குள், என் ஐயா எழுதிய 11 பேரேடுகள் நெடுங்காலம் கிடந்தன. யுவ ஆண்டில் (1935–36) தொடங்கிச் சித்திரபானு ஆண்டு (1942–43) வரை செல்லும் அந்த ஏடுகளில் ரங்கூன் கடையின் வரவு செலவும், வீட்டுச் செலவும், மொய்யும், கோயில் மகமையும் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றை முழுவதும் கணினியில் ஏற்றி முடித்து, சென்ற மாதம் எங்கள் பங்காளிகள் கூடி முன்னோர்க்குப் படையல் இட்ட படைப்பு நாளில் வீட்டுக்கு ஒரு படியாகக் கொடுத்தேன். வாங்கியவர்கள் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு வேறு சிலருக்கு உரியது. அவர்கள் செய்தது இன்னதென்று பெயரளவில் அல்லாமல் விளங்கச் சொல்லி நன்றி கூற வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது 68. வலக்கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது, இடக்கண்ணுக்கு இனிமேல்தான். வளவை (வீட்டின் நடுமுற்றத்தை) ஒட்டிய பத்தியில், அதாவது தாழ்வாரத்தில், மேசை போட்டுத் தட்டச்சு செய்வது என் வழக்கம். காலை பத்து மணிக்கு மேல் வளவில் இறங்கும் வெயில் ஆத்தங்குடிக் கல்லில் பட்டுத் திரையில் தெறிக்கும்போது, சாம்பல் நிறத்தில் உள்ள எந்த எழுத்தும் எனக்குத் தெரியாது. முதலில் நான் பயன்படுத்திய எடிட்டரில் (தட்டச்சு செய்து திருத்தும் மென்பொருளில்) எழுத்தின் அளவை மட்டுமே கூட்டிக்கொண்டே போனேன். எழுத்துப் பெரிதானது, அதனுடன் வரிகள் மடிந்து, பற்றும் வரவும் நிற்க வேண்டிய பத்திகள் கலைந்து, எந்தத் தொகை எந்தப் பெயருக்கு உரியது என்பதே தெரியாமல் போயிற்று. மூன்று மாத உழைப்பில் ஓர் ஏடுகூட முடியவில்லை.

முதல் நன்றி எங்கள் பங்காளி வீட்டுப் பேத்திக்கு. அழகப்பா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதுகலை படிக்கும் அந்தப் பெண், என் குறையைக் கேட்டவுடன் எதையும் மாற்றிவிடவில்லை. "ஐயா, உங்களுக்கு எது எதனோடு குழம்புகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அதைப் பார்த்த பிறகு சாளரத்தைத் தொடுவோம்" என்று சொன்னாள். முப்பது ஆண்டு வகுப்பில் நின்ற எனக்கு, மாணவன் எங்கே தடுக்கி விழுகிறான் என்று பார்த்த பிறகே பாடம் தொடங்க வேண்டும் என்பது தெரியும். அதையே அவள் எனக்குச் செய்தாள்.

அவள் தேர்ந்தது ஈமேக்ஸ் என்னும் எடிட்டர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985ஆம் ஆண்டில் குனு ஈமேக்ஸாக வெளியிட்ட, இன்றும் தொண்டர்களால் வளர்க்கப்படும் கட்டற்ற மென்பொருள் அது. நாம் சாளரம் என்று சொல்வதை அங்கே சட்டகம் என்கிறார்கள். அந்தச் சட்டகத்துக்குள் பிரிக்கும் பகுதிகளுக்குத்தான் சாளரம் என்று பெயர். இந்த வழக்கு முதலில் எனக்கு இடறலாக இருந்தது. நிலையும் கதவும் வேறு வேறு என்று நம் வீட்டு வாசலை வைத்து அவள் விளக்கியதும் பிடிபட்டது.

என் ஒரு வாரக் குறிப்பில் முதலில் இருந்தது எண்களின் குழப்பம். பழைய ஏடுகளில் தமிழ் எண்களே உண்டு. ௧ என்பதும் க என்பதும், ௨ என்பதும் உ என்பதும், ௭ என்பதும் எ என்பதும், ௮ என்பதும் அ என்பதும் ஏறத்தாழ ஒரே உருவம். ௪ ச போலவும் ௬ சு போலவும் நிற்கும். வால் நீளத்தில் மட்டுமே வேறுபாடு என்றால் என் கண்ணுக்கு அது வேறுபாடே இல்லை. பிழை திருத்தும்போது கந்தன் என்ற பெயரின் முதல் எழுத்து ௧ ஆகத் தட்டப்பட்டிருந்ததை நான்கு முறை பார்த்தும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன். தேடினால் அந்தப் பெயர் அகப்படாது. அவள் ஒரே ஒரு விதி எழுதினாள். தமிழ் எண் எங்கே வந்தாலும் ஆழ்ந்த நீல நிறத்தில் தெரியும். ௷ என்னும் வரவுக் குறி பச்சையிலும் ௶ என்னும் பற்றுக் குறி செம்மண் நிறத்திலும் தெரியும். ௸ என்னும் மேற்படிக் குறிக்கு மட்டும் மெல்லிய பின்னணி. கோப்பில் எழுதப்பட்டது ஒன்றும் மாறவில்லை, கண்ணுக்குத் தெரியும் விதம் மட்டுமே மாறியது. அன்று மாலையே முன்பு தட்டிய 40 பக்கங்களை மறுபடி பார்த்து 23 இடங்களைத் திருத்தினேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுக்குக் குறைந்த அளவுகளைக் குறிக்கும் கீழ்வாய் எண்களில் இருந்தது. முந்திரி 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று. பதினாறு அணா ஒரு ரூபாய் என்று இருந்த காலத்தில், ஓர் அணாவை மாகாணிக் குறியால் எழுதுவது ஐயாவின் பழக்கம். இக்குறிகள், உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் வகுக்கும் பொதுத்தரமான யூனிகோடில் இடம்பெற்றது 2019இல் வந்த 12ஆம் பதிப்பில்தான். தமிழ்க் கூடுதல் தொகுதி என்று தனியாக 51 குறிகள் சேர்க்கப்பட்டன. பழைய ஆவணங்களைத் தேடிச் சான்று காட்டி அதற்கான முன்மொழிவை எழுதிய ஸ்ரீரமண சர்மா அவர்களுக்கு, ஒரு செட்டிநாட்டுப் பேரேட்டின் பெயரால் தலை வணங்குகிறேன். அந்த வேலை நடக்காதிருந்தால் ஐயா எழுதியதை நான் பின்னமாக மாற்றித்தான் எழுதியிருக்க வேண்டும். அது படியாக இராது, என் உரையாக இருந்திருக்கும்.

ஆனால் குறிகள் யூனிகோடில் இருந்தால் மட்டும் திரையில் தோன்றிவிடுவதில்லை. எழுத்துருவில் உருவம் இல்லாத குறிக்கு ஈமேக்ஸ் ஒரு சிறு கட்டம் வரைந்து, அதன் உள்ளே குறியீட்டு எண்ணைப் பொடியாகக் காட்டும். எனக்குக் காணியும் கட்டம், மாகாணியும் கட்டம். இரண்டுக்கும் ஐந்து மடங்கு வேறுபாடு. ஓர் ஆவணி மாத மகமைக் கணக்கு எத்தனை முறை கூட்டியும் ஐயா போட்ட மொத்தத்தோடு ஒட்டாமல் என்னை இரண்டு நாள் அலைக்கழித்ததற்கு இதுவே காரணம். பேத்தி நோட்டோ சான்ஸ் டமில் சப்ளிமென்ட் என்னும் எழுத்துருவை நிறுவி, செட்-ஃபான்ட்செட்-ஃபான்ட் என்னும் கட்டளையால், 73664 முதல் 73727 வரையுள்ள குறியீடுகளுக்கு அந்த எழுத்துருவையும் மற்றத் தமிழ் எழுத்துகளுக்கு நோட்டோ செரிஃப் டமிலையும் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தாள். கட்டங்கள் இருந்த இடத்தில் காணியும் மாகாணியும் வந்து உட்கார்ந்த அந்த நிமிடத்தில் நான் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு எழுத்துருவும் பக்கத்தில் நிற்கும்போது ஒன்று சிறுத்துத் தெரிந்ததால், கீழ்வாய்க் குறிகளை மட்டும் ஒன்றேகால் மடங்கு பெரிதாக்கும் ஒரு வரியையும் சேர்த்தாள்.

இரண்டாவது நன்றி தேவகோட்டையில் வாழும் 84 வயதுப் பெரியவருக்கு. அவருடைய தந்தையார் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கீழ்வாய் இலக்க வாய்பாட்டை மகனுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தவர். திரையில் தெரியும் அச்சுக் குறியும் ஏட்டில் உள்ள கையெழுத்துக் குறியும் ஒன்றுதானா என்பதை உறுதி செய்ய, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஆறு முறை அவர் வீட்டுக்குச் சென்றோம். கன்ட்ரோல், எக்ஸ், பிளஸ் விசைகளை அழுத்தி எழுத்தை அவருக்கு வேண்டிய அளவுக்குப் பெருக்கிக் காட்டினோம். மூன்று இடங்களில் அரைக்காணியை நான் வேறாகப் படித்திருந்ததை அவர் திருத்தினார். காப்பி கொடுத்து உபசரித்த அந்த வீட்டாருக்கும் என் நன்றி.

சட்டகத்தின் அமைப்புக்கு வருகிறேன். இடப்பாதியில் ஏட்டுப் பக்கத்தின் ஒளிப்படம், வலப்பாதியில் நான் தட்டும் படி. நடுவே தடித்த ஒரு பிரிகோடு. தட்டுவது எந்தப் பாதியில் விழும் என்பது தெரியாமல், படத்தின் மேல் எழுத்தைத் தட்டி அது எங்கோ தாவிப் போவது முன்பு அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு பாதியின் அடியிலும் உள்ள நிலைப்பட்டையில், நான் இருக்கும் பாதிக்கு அடர்ந்த நிறமும் மற்றதற்கு வெளுத்த நிறமும் கொடுத்தபின் அந்தத் தொல்லை நின்றது. தலைப்புப் பட்டையில் கோப்பின் பெயரோடு தமிழ் ஆண்டும் பக்க எண்ணும் தெரிகின்றன. 11 கோப்புகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், ஈசுவர ஆண்டுக் கணக்கை வெகுதானிய ஆண்டில் தட்டிவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. கருவிப்பட்டையை நீக்கச் சம்மதித்தேன். பட்டியல் பட்டையையும் நீக்கலாம் என்று அவள் சொன்னபோது மறுத்துவிட்டேன். விசைகளை நினைவில் வைக்க இயலாத வயதில், கட்டளைகள் பெயரோடு கண்முன் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அவள் அதை மதித்து விட்டுவைத்தாள்.

தட்டும் இடத்தைக் காட்டும் சுட்டும் குறியைப் (கர்சரைப்) பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் விரும்புவது என்று மெல்லிய நிமிர்கோட்டை அவள் வைத்துப் பார்த்தாள். எழுத்துக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கோடு மங்கிய கண்ணுக்குத் துணைக்கால் போலவே தெரிந்தது. "மக" என்று தட்டிவிட்டு "மகா" என்று படித்தேன். ஆகவே எழுத்தின் மேல் முழுவதும் படியும் பெட்டிக்குறிக்கே திரும்பினோம். அது "கொ" என்ற எழுத்தின் மேல் நின்றால் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே எழுத்தாகப் போர்த்துகிறது. அது இமைப்பதையும் நிறுத்தினாள். ி, ீ போன்ற மேல்விலங்குக் குறிகள் மேல்வரியில் இடிக்காதபடி வரி இடைவெளியைக் கால் பங்கு கூட்டியதும், பத்திகளை இடைவெளி விசையால் அல்லாமல் டேப் விசையால் ஒழுங்குபடுத்தக் கற்றுக்கொடுத்ததும் சிறு உதவிகள் அல்ல. தமிழ் எழுத்துகள் ஒன்றுக்கொன்று அகலத்தில் வேறுபடுவதால், இடைவெளியை எண்ணித் தட்டினால் தொகைகள் ஒருநாளும் நேர்க்கோட்டில் நிற்பதில்லை. டேப் அகலத்தை 24 ஆக்கியபின் ரூபாயும் அணாவும் பைசும் அதனதன் பத்தியில் நின்றன.

வெளிச்சத்துக்கு ஏற்ப இரண்டு நிறக் கோலங்கள். பகலில் வெள்ளைப் பின்னணி கொண்ட மோடஸ் ஓபராண்டி, இரவில் மெய்ப்புப் பார்க்கக் கருப்புப் பின்னணி கொண்ட மோடஸ் விவெண்டி. புரோத்தெசிலாவோஸ் ஸ்டாவ்ரூ உருவாக்கிய இவ்விரண்டும் 2022இல் வந்த 28ஆம் பதிப்பு முதல் ஈமேக்ஸுடனேயே வருகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 7க்கு 1 என்ற ஒளிவேறுபாடு இருக்க வேண்டும் என்பதை விதியாகக் கொண்டு செய்யப்பட்டவை. சாம்பல் எழுத்து என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. இரவில் எடிட்டரைத் திறக்கும்போது கருப்பு வருவதற்கு முன் ஒரு கணம் வெள்ளைத் திரை பளிச்சென்று அடித்து, அறுவை செய்த கண்ணில் நீர் வரவழைக்கும். சட்டகம் தோன்றிய பிறகே அமைப்புக் கோப்பு படிக்கப்படுவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தவள், 2020இல் வெளிவந்த 27ஆம் பதிப்பு தரும் முன்தொடக்கக் கோப்பில் பின்னணி நிறத்தை எழுதிவைத்தாள். சட்டகம் தோன்றும்போதே கருப்பாகத் தோன்றியது.

அதே 27ஆம் பதிப்பிலிருந்துதான் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்துவடிவ நிரல் ஈமேக்ஸில் இணைந்தது. கொம்பை எழுத்துக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துவதும், உகர ஊகாரங்களைச் சரியான உருவில் சேர்ப்பதும் அதன் வேலை. அதனை வளர்த்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அவர்களுக்கும், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆசிய மொழிகள் ஈமேக்ஸில் இயங்குவதற்கு ஜப்பானில் இருந்து வழி செய்த கெனிச்சி ஹண்டா அவர்களுக்கும் என் நன்றி உரித்து. விஷு ஆண்டு (1941–42) ஏட்டில் பர்மாக் கணக்கு மார்கழியோடு நிற்கிறது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அந்த வெற்றுப் பக்கத்தைத் தட்டி முடித்த இரவில் ஹண்டா அவர்களின் பெயரை நன்றியோடு நினைத்தேன் என்பதை மட்டும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

ஒளிப்படம் எடுத்துத் தந்த காரைக்குடி நண்பருக்கும், படிகளை அச்சிட்டுக் கட்டித் தந்த அச்சகத்தாருக்கும், ஒரு வருடம் பத்தியில் மேசையைச் சகித்துக்கொண்ட என் மனைவிக்கும் நன்றி.

அமைப்புக் கோப்புகள் இரண்டும் சேர்ந்து 90 வரிகளுக்குள் அடங்கும். ஒவ்வொரு வரிக்கும் மேலே அது எதற்காக என்று பேத்தி தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறாள். இன்னும் பெட்டியில் ஏடு வைத்திருக்கும் வீட்டார் யாரேனும் ஒரு பென் டிரைவுடன் கோட்டையூருக்கு வந்தால், கோப்புகளைப் போட்டுக் கொடுத்து, உங்கள் கண்ணுக்கு எது குழம்புகிறது என்று கேட்டு அதற்கேற்ப மாற்றியும் தருவோம். காலை பத்து மணிக்கு முன் வருவது நல்லது. அதன்பின் வளவில் வெயில் இறங்கிவிடும்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்
கோட்டையூர், செட்டிநாடு