வெளிச்சுவரில் எழும்பிய கொப்புளங்கள் பற்றி, எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை வட்டாரத்தில் எங்களிடம் பெயிண்ட் வேலை கொடுத்தவர்களுக்கு எங்களைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எந்த வீட்டில் சாரம் கட்ட இடம் போதாது, எந்த வீட்டுச் சன்ஷேடில் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம். வழக்கமாகத் தை பிறந்ததும் போனில் பேசித் தேதி குறித்துக்கொள்வோம். இந்த வருடம் அதற்கு முன்பே எழுத வேண்டியதாகிவிட்டது.

இந்த மழையில் சில வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றியது. வெளிச்சுவர் முழுக்கக் கொப்புளம். பெயிண்டில் தண்ணீரை ஊற்றி அடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். எங்கள் பெயரும் இருந்தது. அது நாங்கள் அடித்த வீடுதான். எந்தத் தெரு, யார் வீடு என்று இங்கே சொல்லப்போவதில்லை. அவரும் எங்கள் வாடிக்கையாளர், நாளைக்கும் அவர் வீட்டு வாசலில் நாங்கள் நின்றாக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்டீரியர் எமல்ஷன் எல்லாமே தண்ணீர் கலந்து அடிக்கிற பெயிண்ட்தான். எவ்வளவு கலக்க வேண்டும் என்று பக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். கலக்காமல் அடித்தால் பிரஷ் இழுக்கும், கோடு கோடாக நிற்கும். நாங்கள் அளவுக் குவளை வைத்துத்தான் ஊற்றுகிறோம். 20 லிட்டர் பக்கெட்டின் சீலை வீட்டுக்காரர் எதிரில் உடைக்கிறோம். காலி பக்கெட்டுகளைப் பில் முடியும்வரை உங்கள் வீட்டிலேயே அடுக்கி வைக்கிறோம். எத்தனை பக்கெட் வந்தது, எத்தனை காலியானது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். பல வருடமாக இப்படித்தான் நடக்கிறது, உங்களுக்கே தெரியும். அதனால்தான் அந்த ஒரு வரி எங்களுக்கு இவ்வளவு வலித்தது.

அப்புறம், தண்ணீர் அதிகமாகப் போன பெயிண்ட் கொப்புளிக்காது. அது வேறு மாதிரிக் கெடும். பழைய நிறம் அடியிலிருந்து தெரியும், சீக்கிரம் வெளுக்கும், கையால் தடவினால் சாக்பீஸ் தூள் போல உள்ளங்கையில் ஒட்டும். அந்த வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தோம், தூள் வரவில்லை. ஒரு கொப்புளத்தை வீட்டுக்காரர் பார்க்க பிளேடால் கீறினோம். உள்ளே இருந்து தண்ணீர் வழிந்தது. தோலை உரித்துத் திருப்பினால் இரண்டு கோட்டும் பிரைமரும் ஒன்றோடொன்று பிரியாமல் ஒரே தகடாக வந்தன. அதன் முதுகில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தூள், ஓரத்தில் வெள்ளையாக உப்பு. பெயிண்ட் தன் பிடியை விடவில்லை. பின்னால் வந்த தண்ணீர் சிமெண்ட் பூச்சின் மேல்தோலையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறது.

தண்ணீர் மேலிருந்து வந்தது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உச்சியில் இருக்கும் தலைப்பூச்சில் நீளமாக ஒரு விரிசல் ஓடுகிறது. சென்னையில் ஒரு வருடத்தில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில்தான் கொட்டுகிறது. அந்த மூன்று மாதமும் விரிசல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். செங்கல் ஊறும், பூச்சு ஊறும். மழை விட்டு வெயில் அடித்தவுடன் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வரப் பார்க்கும். முன்னால் பெயிண்ட் மறித்து நின்றால் அங்கேதான் கொப்புளம். வெளியே வரும்போது சிமெண்டிலும் மணலிலும் இருக்கும் உப்பையும் கரைத்துக் கொண்டு வரும். நம் பகுதியில் கடல்காற்றின் உப்பும், போர்வெல் தண்ணீரில் கட்டிய வீடுகளின் உப்பும் கூடுதல் தொல்லை. இதற்காகவே கழுவும் வேலைக்கு நாங்கள் லாரித் தண்ணீர் கேட்கிறோம். போர் தண்ணீரை அடித்துக் கழுவினால் பாசி போகும், உப்பு ஏறிவிடும்.

படத்தில் கொப்புளங்கள் எங்கே இருக்கின்றன என்று பெரிதாக்கிப் பாருங்கள். கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஒரு பட்டை. ஏசி வெளி யூனிட்டின் தண்ணீர்க் குழாய் சுவரில் சொட்டுகிற இடத்தில் ஒரு திட்டு. அதே பக்கெட்டில், அதே வாரத்தில், அதே ஆட்கள் அடித்த கிழக்குச் சுவரில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அந்தச் சுவரை யாரும் படம் எடுத்துப் போடவில்லை.

தலைப்பூச்சைக் கொத்தி எடுத்து, வாட்டர்ப்ரூஃப் கலவை சேர்த்துப் புதிதாகப் பூச வேண்டும் என்று எங்கள் எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதியிருந்தோம். வீட்டில் விசேஷம் நெருங்கிவிட்டது, மேஸ்திரி வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்கள் அவசரம் எங்களுக்கும் புரிந்தது. புதுப் பூச்சு பூசினால் 28 நாளாவது காயவிட வேண்டும், அதற்குள் பெயிண்ட் அடித்தால் சிமெண்டின் காரமே பெயிண்டைத் தின்றுவிடும். அவ்வளவு நாள் அவர்களிடம் இல்லை. பெயிண்ட் கம்பெனிகள் தருகிற வாரண்டித் தாளை எடுத்துப் பாருங்கள், நீர்க்கசிவால் வரும் கேடு அதில் சேராது. இது எங்கள் கடையின் சட்டம் அல்ல.

ரப்பர் மாதிரி நீளும் கெட்டிப் பெயிண்டை அடித்தால் எல்லாம் நின்றுவிடுமே என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். முடி விரிசலுக்கு அது நல்ல பெயிண்ட், நாங்களும் அடிக்கிறோம். ஆனால் மேலே வாய் திறந்திருக்கிற சுவரில் அதை அடித்தால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியே இருக்காது, கொப்புளம் இன்னும் பெரிதாகும். விலை அதிகமுள்ள பெயிண்டை விற்றுவிட்டுப் போவது எங்களுக்குச் சுலபம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதைச் செய்ய மனம் வரவில்லை.

அதனால் இனி ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருப்போம். சுவர் ஈரமாக இருந்தால் பிரஷ் எடுக்க மாட்டோம். ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. இதை நீங்களே செய்து பார்க்கலாம், செலவு ஒன்றுமில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் சுவரைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. எந்த இடம் கடைசியாகக் காய்கிறதோ அங்கேதான் கோளாறு.

பக்கத்து வீட்டைவிட எங்களுக்கு ஏன் ரேட் அதிகம் சொல்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பழைய வீடுகள் பலவற்றின் முகப்பில் சிறு ஜல்லியும் சிமெண்டும் கலந்து வீசியடித்த சொரசொரப்பான பூச்சு இருக்கிறது. டேப் வைத்து அளந்தால் அதுவும் ஆயிரம் சதுர அடி, வழவழப்பான சுவரும் ஆயிரம் சதுர அடிதான். ஆனால் அந்த மேடு பள்ளத்துக்குள் எல்லாம் பெயிண்ட் போயாக வேண்டும். நீள மயிர் ரோலரால் உருட்டிவிட்டு, விட்டுப்போன குழிகளில் பிரஷ்ஷைக் குத்திக் குத்தி அடைக்கிறோம். குழிக்குள் இருக்கும் பாசியை வாட்டர் ஜெட்டும் ப்ளீச்சிங் பவுடர் கரைசலும் போட்டு எடுக்கவே நேரம் போய்விடும். அதை எடுக்காமல் மேலே அடித்தால் அடுத்த மழையில் பச்சை எட்டிப் பார்க்கும். பட்டி பார்த்துச் சமப்படுத்திவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம், வேண்டாம். அந்தப் பூச்சு வீட்டுக்கு ஓர் அழகு, முடி விரிசலையும் கண்ணுக்குக் காட்டாது.

ஜிஎஸ்டி குறைந்ததே, உங்கள் ரேட் குறையவில்லையே என்றும் கேட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது சிமெண்ட். பெயிண்ட் 2018 ஜூலையிலேயே 18-க்கு வந்துவிட்டது, இந்த முறை அதில் மாற்றம் இல்லை. மறுபெயிண்ட் வேலையில் சிமெண்ட் போவது விரிசல் அடைக்கிற அளவுக்குத்தான். அந்த மிச்சத்தைப் பில்லில் கழித்தே தருகிறோம். எங்கள் செலவில் பெரிது ஆள் கூலி. அடுத்தது சாரம். சவுக்குக் கட்டையும் வாடகை, அதைக் கட்டுகிற ஆளும் தனி. எங்களிடம் நீண்ட நாள் இருந்த மேஸ்திரி சொந்த ஊரில் தனியாக வேலை எடுக்கப் போய்விட்டார். சந்தோஷமாகத்தான் அனுப்பி வைத்தோம். அவருடைய கைக்குப் பழகிய வீடுகளில் புது ஆள் வரும்போது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தை முதல் சதுர அடிக்கு மூன்று ரூபாய் கூடுகிறது, சாரம் தனிக் கணக்கு.

ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குப் பழைய ரேட்தான். மழையால் தள்ளிப்போன வேலைகளைப் பொங்கல் முடிந்ததும் வரிசைப்படி எடுப்போம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள், ஈரச் சுவரில் அவசரமாக அடித்துக் கொடுக்க எங்களால் முடியாது. ஏப்ரல், மே மாதத்தில் தேதி கேட்பவர்கள் ஆட்கள் மதியம் இடம் மாறுவதைப் பார்த்து வேலை நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். சுடுகிற சுவரில் பெயிண்ட் பிடிப்பதற்குள் உலர்ந்துவிடும். காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர் என்று நிழலோடு நகர்வோம்.

அந்தப் படம் வந்த நாளில் எங்களுக்குப் போன் போட்டு, "நாங்கள் இருக்கிறோம், கவலைப்படாதீர்கள்" என்றவர்கள் பலர். தங்கள் வீட்டுச் சுவரைப் படமெடுத்து அதே குழுவில் போட்டு, இதுவும் இவர்கள் அடித்ததுதான் என்று எழுதிய அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அதைப் படித்துவிட்டு எங்கள் ஆட்கள் அன்று மதியம் சாப்பாட்டை மறந்து போனையே கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் வேலையை ஒருவர் பெயர் சொல்லிப் பாராட்டியது அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

கொப்புளம் எழும்பிய அந்த வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டோம். தலைப்பூச்சு வேலையை அவர் செய்து முடித்து, சுவர் காய்ந்ததும், கெட்டுப்போன பகுதியை மட்டும் சுரண்டி, உப்பைத் துடைத்து, பிரைமரிலிருந்து மறுபடி அடித்துத் தருகிறோம். பெயிண்ட் அவர் பொறுப்பு, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வேறு யார் வீட்டிலாவது இந்த மழையில் கொப்புளமோ உப்போ தெரிந்தால், குழுவில் போடுவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். வந்து பார்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை.

அன்புடன்,
உங்கள் பெயிண்டிங் காண்ட்ராக்டர்