முதலீட்டு விளம்பரம் யாருக்காக? சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பிரிக்காமல் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இந்த விஷயத்தில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் பங்கு உண்டு.

தொழில் வளர்ச்சியைச் சொல்லி அரசு கொடுக்கும் முழுப்பக்க விளம்பரங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். முதலமைச்சர் படம் பெரிதாக இருக்கும், துறை அமைச்சர் படம் ஓரத்தில் இருக்கும். நடுவே இத்தனை லட்சம் கோடி முதலீடு, இத்தனை லட்சம் வேலை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எந்தச் சிப்காட் தொழிற்பூங்காவில் இடம் காலியாக இருக்கிறது, ஏக்கர் என்ன விலை, மின் இணைப்பு எத்தனை நாளில் கிடைக்கும், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்? தொழில் தொடங்க வருபவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். பெரும்பாலான விளம்பரங்களில் இவை இருப்பதில்லை. சியோலிலும் டோக்கியோவிலும் இருக்கும் நிறுவனங்கள் தமிழ் நாளிதழையும் பேருந்து நிழற்குடையையும் பார்த்து முடிவெடுப்பதும் இல்லை. அவற்றைப் பார்ப்பவர்கள் வாக்காளர்கள்.

1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. பக்கத்தில் துறைமுகம், உதிரிபாகம் செய்து பழகிய பட்டறைகள், தொழில் படித்த பிள்ளைகள், உட்கார்ந்து பேசி முடிக்கிற அதிகாரிகள். முதலீட்டாளரை அழைத்துவரும் வேலைக்காகவே அரசு 1992-இல் தொடங்கிய வழிகாட்டி (Guidance) நிறுவனம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டாளரிடம் பேசுவதற்கு அது போதும்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் உலக முதலீட்டாளர் மாநாடு 2015 செப்டம்பரில் நடந்தது. 2016 மே மாதம் சட்டமன்றத் தேர்தல். இரண்டாவது 2019 ஜனவரியில். ஏப்ரலில் மக்களவைத் தேர்தல். மூன்றாவது 2024 ஜனவரியில். அந்த ஏப்ரலிலும் மக்களவைத் தேர்தல். முதல் இரண்டும் அதிமுக ஆட்சியில், மூன்றாவது திமுக ஆட்சியில். மூன்று முறையும் தற்செயலாகவே தேர்தலுக்கு முன்னால் வந்து விழுந்தது என்றால் நான் நம்பமாட்டேன்.

அறிவித்த தொகையும் ஏறிக்கொண்டே போனது: 2.42 லட்சம் கோடி, 3 லட்சம் கோடி, 6.64 லட்சம் கோடி. இவை புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் கூட்டுத்தொகை. கையெழுத்துப் போட்ட நிறுவனம் வராமல் போனாலும் அதைக் கட்டாயப்படுத்த வழியில்லை. இதில் எவ்வளவு தொழிற்சாலையாக எழுந்தது என்று எதிர்க்கட்சியாக இருக்கும்போது வெள்ளை அறிக்கை கேட்கிறீர்கள். இரண்டு தரப்புமே கேட்டிருக்கிறீர்கள். நாற்காலி மாறியதும் அந்தக் கேள்வி மற்றவர் வாய்க்குப் போய்விடுகிறது.

அம்பத்தூரில் சிறு பட்டறை நடத்துகிறேன். லேத் மூன்று, ஆட்கள் ஐந்து பேர். 2023 செப்டம்பரில் மின் நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் குறைக்கச் சொல்லிச் சிறு தொழில்கள் ஒருநாள் கதவடைப்பு நடத்தின. அதற்கு அடுத்த சில மாதங்களில்தான் மூன்றாவது மாநாட்டின் விளம்பரங்கள் வந்தன. மாதா மாதம் ஜிஎஸ்டி கட்டுகிறவனுக்கு அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது வயிறு எரியாமல் என்ன செய்யும்?

உச்ச நீதிமன்றம் 2015 மே 13 அன்று அரசு விளம்பரங்களுக்கு நெறிமுறை வகுத்தது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி தவிர வேறு யார் படமும் வேண்டாம் என்றது. மறுஆய்வு கேட்டுப் போன மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2016 மார்ச்சில் முதலமைச்சர்கள், ஆளுநர்கள், அமைச்சர்கள் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. தேர்தல் நெருக்கத்தில் விளம்பரத்துக்குத் தடை, விளம்பரச் செலவுக்குத் தனித் தணிக்கை என்று நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு சொன்ன இரண்டு யோசனைகளை அந்த நீதிமன்றமே ஏற்கவில்லை. ஆனால் சட்டமன்றம் அவற்றைச் செய்யக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 செப்டம்பரில் வந்த உத்தரப் பிரதேச அரசின் விளம்பரம் போதும். மாநிலம் மாறிவிட்டது என்று காட்ட முதலமைச்சர் யோகி ஆதித்யநாத் படத்துக்குக் கீழே ஒரு மேம்பாலம் போட்டிருந்தார்கள். நீலமும் வெள்ளையும் அடித்த பாலம், மேலே மஞ்சள் டாக்சி. அது கொல்கத்தாவின் மா மேம்பாலம். தங்கள் சந்தைப்படுத்தல் பிரிவின் தவறு என்று விளம்பரத்தை வெளியிட்ட நாளிதழ் வருத்தம் தெரிவித்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அங்கே தேர்தல். டெல்லி அரசு மூன்று நிதியாண்டுகளில் விளம்பரத்துக்குச் செலவிட்டது 1,073 கோடி ரூபாய் என்பது 2023-இல் உச்ச நீதிமன்றம் கணக்குக் கேட்ட பிறகுதான் வெளியே பெரிதாகப் பேசப்பட்டது. விரைவு ரயில் திட்டத்துக்குத் தரப் பணமில்லை என்று அந்த அரசு சொன்னதால்தான் நீதிமன்றம் கேட்டது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். தொழில் முதலீடு பற்றிய ஒவ்வொரு அரசு விளம்பரத்தின் அடியிலும் அதற்கான செலவை அச்சிட வேண்டும். மூன்று மாநாடுகளில் கையெழுத்தான ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நிறுவனத்தின் பெயர், இடம், போட்ட பணம், சேர்த்த ஆட்கள் என்று பட்டியலிட்டு, ஆண்டுதோறும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது அவையில் வைக்க வேண்டும். எந்தத் தேர்தலாக இருந்தாலும் அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் இவ்வகை விளம்பரம் கூடாது. இடமும் மின்சாரமும் பற்றிய தகவல் தரும் அறிவிப்புகளுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். அவற்றில் யார் படமும் வேண்டாம். இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவர, உங்களில் அமைச்சராக இல்லாத யாருக்கும் உரிமை உண்டு. ஆளுங்கட்சியிலிருந்து ஒருவரும் எதிர்க்கட்சியிலிருந்து ஒருவரும் சேர்ந்து கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு சிறுதொழில் உரிமையாளர்