கோனோகார்பஸ் கேட்டு வருபவர்களுக்கு, எங்கள் நர்சரியிலிருந்து

வணக்கம்.

ஓசூர்ப் பக்கம் அடுக்குமாடி கட்டுபவர்களும் லேஅவுட் போடுபவர்களும் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: சீக்கிரம் வளரணும், இலை கொட்டக் கூடாது, காம்பவுண்டை மறைக்கணும். அதற்குக் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம், வேலியாக நெருக்கி வைத்தால், சரியாகத்தான் இருக்கும். ஆனால் நாங்கள் அதைத் தருவதில்லை. குழாய்களுக்குள் வேர் போகிறது, மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை வருகிறது என்று குஜராத் அரசு 2023இல் அதை நடுவதற்குத் தடை விதித்தது. எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நூறு அடிக்கு அந்த வேலி வைத்தாலும் நம் ஊர்ப் பட்டாம்பூச்சிக்கு அதில் பெரிதாகச் சாப்பாடு இல்லை.

பட்டாம்பூச்சி வர வேண்டுமென்று பூச்செடியாக வாங்கிப் போகிறீர்கள். தேன் குடிக்க வரும், அவ்வளவுதான். முட்டையிட வேண்டுமென்றால் புழு தின்கிற இலை வேண்டும், அதுவும் இனத்துக்கு இனம் வேறு. கறிவேப்பிலை, எலுமிச்சையில் ஒன்று, சரக்கொன்றையில் வேறொன்று, எருக்கில் இன்னொன்று. கறிவேப்பிலையைப் புழு மொட்டையடித்துவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம் என்று போன் வரும். ஒன்றும் அடிக்காதீர்கள். வளர்ந்த செடி மறுபடி துளிர்த்துவிடும். தையல்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவதும் இந்த மாதிரிப் புழுக்களைத்தான்.

வேலிக்குக் கிளுவை, மருதாணி, நொச்சி மூன்றையும் கலந்து வையுங்கள். நொச்சிப் பூவில் தேனீ மொய்க்கும். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் புங்கன். நாவல் அங்கே வேண்டாம், கார் கறையானால் எங்களைத்தான் திட்டுவீர்கள். பறவைகளுக்கு அத்தி, அரசு, ஆல் மாதிரி வேறில்லை. ஆனால் அவை சுவரைப் பிளக்கும். லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தில், கட்டடத்துக்கு எட்டாத மூலையில்தான் வைக்க வேண்டும்.

அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டிப் பண்ணை வீடு கட்டுபவர்கள் பலாவும் வாழையும் மூங்கிலும் கேட்டால் யோசிக்கச் சொல்வோம். யானையை நாமே கூப்பிட்டுவிட்டு அப்புறம் வனத்துறையைக் குறை சொல்ல முடியாது.

செடியைவிட மண்தான் பெரிய தொல்லை. வேலை முடிந்த இடத்தில் சிமென்ட்டும் உடைந்த செங்கல்லும் கிடக்கும். அதன்மேல் நாலு அங்குலம் செம்மண் பரப்பிப் புல் பதித்தால் எதுவும் வேர் பிடிக்காது. அஸ்திவாரம் தோண்டும்போதே மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைக்கச் சொல்லுங்கள். நிற்கிற வேம்பையும் புளியையும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை எங்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் விற்கும் எந்தக் கன்றும் அந்த அளவுக்கு வளரப் பல வருடமாகும்.

பிளான் போடும்போதே வந்தால் நல்லது. சுற்றிலும் கான்கிரீட் போட்ட பிறகு வந்தால் தொட்டிச் செடிதான் தர முடியும்.

அன்புடன்,
நர்சரிக்காரர்கள், ஓசூர்