கல்வெட்டில் இல்லாத பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1956 நவம்பர் 1-ல்தான் எங்கள் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 1945-ல் பி.என். பணிக்கர் தொடங்கி வைத்த நூலக இயக்கத்தின் வழியில், ஊர் நூலகங்களை இன்றும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் கமிட்டிதான் நடத்துகிறது. எங்கள் தெரு சமுதாயக் கூடத்துக்கும் சம்பளமில்லாத ஒரு கமிட்டி உண்டு. கரண்ட் பில்லுக்குப் பணம் குறைந்தால் கைக்காசைப் போடும் செயலாளர், கல்யாணம் முடிந்த மறுநாள் விடியுமுன் வந்து நாற்காலியை எண்ணி, உடைந்ததற்குக் காசு வாங்காமல் விடாத பொருளாளர் (அந்தக் கறார் இல்லையென்றால் கூடத்தில் பாய்கூட மிஞ்சாது), இவர்கள் பெயர் எங்கும் கிடையாது, திறந்து வைத்தவர் பெயர் மட்டும் சலவைக்கல்லில் பளபளக்கிறது.

அதற்காக ஒருவரே ஆயுளுக்கும் தலைவராக இருப்பதும் சரியில்லை. இன்றுவரை பொறுப்பில் இருந்த எல்லோர் பெயரையும் ஒரு பலகையில் எழுதுங்கள், அப்புறம் வரவு செலவையும் மாதாமாதம் வாசலில் ஒட்டுங்கள். பொறுப்புக்குக் கூப்பிட்டால் நழுவும் இளைஞர்களும் அடுத்த கூட்டத்துக்காவது வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செங்கோட்டை