வகுப்பில் கொட்டாவி விடும் பிள்ளைகளுக்காக

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். வெயில்தான் தாங்கவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சபைப் பிள்ளைகளை நற்கருணைக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள், பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்கிறாய். கேள்வியும் நம்முடையது, பதிலும் நம்முடையது என்றால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? துரோவா பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுலே நள்ளிரவுவரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். நீயும் நானும் எம்மாத்திரம்!

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடுகையில் பிரசங்கத்தையே நிறுத்திவிட்டோம். ஒருவர் வேதபகுதியை வாசிப்பார். இன்னொருவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதைத் தன் பேச்சில் சொல்வார். விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். அப்புறம், இதில் தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார், மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள், இந்த வாரம் நான் என்ன செய்யப்போகிறேன் என்று பேசுவோம். யார் எதைச் சொன்னாலும் "எந்த வசனத்தில் இருக்கு?" என்று கேட்போம். வாட்ஸ்அப்பில் வந்த உபதேசம் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும்.

மாற்கு 10-இல், பர்திமேயு என்ற குருடனிடம் இயேசு என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்வை கொடுத்த கதையை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்போம்! அன்று பீடி சுற்றும் ஒரு அம்மா, அதிகம் படிக்காதவர், பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி சீஷர் யாக்கோபு, யோவான்கிட்டயும் இயேசு இதே கேள்வியைத்தானே கேட்டார், 'உனக்கு என்ன செய்யணும்'னு?" என்றார். பார்த்தால், 36-ஆம் வசனத்தில் அப்படியே இருக்கிறது. "கூடவே நடந்தவங்க வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்டாங்க. குருடன் பார்வை கேட்டான்" என்று அவரே முடித்தும் வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இதையே நான் விளக்கியிருந்தால் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

நீ உடனே அப்போஸ்தலர் 8-இல் ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய மந்திரியைக் கொண்டுவருவாய், தெரியும். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்டானே என்பாய். நியாயம்தான். பரிசேயர் யார், சமாரியர் மேல் ஏன் அவ்வளவு வெறுப்பு என்பதை வசனத்தை உற்றுப்பார்த்தே கண்டுபிடிக்க முடியாது, சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அந்த மந்திரிக்கு விளக்க வந்த பிலிப்பு முதலில் கேள்விதான் கேட்டான். மந்திரி வாசித்துக்கொண்டிருந்த ஏசாயாவிலிருந்தே பேச்சைத் தொடங்கினான்.

சின்னப் பிள்ளைகளுக்கு ரோமில் 1954-இல் சோபியா கவல்லெத்தி என்ற எபிரேய அறிஞர், ஜான்னா கோப்பி என்ற, பிள்ளைகள் தாங்களே செய்து கற்கும் மாண்டிசோரி முறை ஆசிரியையோடு சேர்ந்து ஒரு வழி தொடங்கினார். நல்ல மேய்ப்பன் உவமைக்கு மரத்தில் செய்த ஆடுகள், மேய்ப்பன், பட்டி. கதையைச் சொல்லிவிட்டு, அந்த ஆடுகள் யார் என்பதைப் பிள்ளைகளே யோசிக்க விட்டுவிடுவார்கள். பதிலை ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லக்கூடாது. நம்மாட்களுக்கு அதுதான் கஷ்டம்! அந்த முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையாரே 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, யுத்த காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தவர். நம் ஓய்வுநாள் பள்ளிகளில்தான் அந்த வாசனை அதிகம் படவில்லை.

உன் வகுப்பை லூக்கா 10:25-இலிருந்து ஆரம்பி. நித்திய ஜீவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று நியாயசாஸ்திரி, அதாவது வேதச் சட்டம் படித்தவன், கேட்ட கேள்விக்கு, "நீ வாசித்திருக்கிறது என்ன?" என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். பிள்ளைகள் அதைக் கவனிக்கிறார்களா பார். கேட்டபின் அமைதி நீண்டால் பயந்து வாயைத் திறந்துவிடாதே. வாத்தியார் வேலை பார்த்த உனக்கு இது ஆகாத காரியம் என்று மதினி சிரிப்பார்.

டிசம்பரில் ஊருக்கு வரும்போது எங்கள் கூடுகைக்கு வா. உட்கார்ந்து பேசலாம், பிரசங்கம் பண்ணத்தான் அனுமதி கிடையாது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்