பதினொரு மணிக்குப் பால் வராது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. புலனத்தில்தான் (வாட்ஸ்அப்) பதில் போட ஆரம்பித்தேன். நாலு வரி தட்டுவதற்குள் கட்டைவிரல் வலி கண்டுவிட்டது. அதனால் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்பத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து புரியாவிட்டால் அவனையே கேள், அவனுக்குப் பழக்கம்.

பாட்டி முதலில் கேட்கச் சொன்னது, பசியாறிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறாயா என்று. அடுத்தது, காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று. நெதர்லாந்தில், உன் பிரேடாவில் ஐந்து டிகிரி என்று தம்பி கைப்பேசியில் காட்டியதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. ஐந்து டிகிரி என்றால் நம் வீட்டு ஐஸ்பெட்டிக்குள் இருக்கிற குளிர் என்று நான் சொல்லியிருக்கக்கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாணவர் திட்டத்துக்காக நீங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதிய பன்னிரண்டு பக்கத்தையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். எடைமேடையில் இருபத்திரண்டு வருஷமாக லோரிச் சீட்டு எழுதுகிற ஆளுக்கு அந்த ஆங்கிலம் கொஞ்சம் கடினம்தான். ஆனால் சொல்ல வருவது விளங்கியது. வந்தான், வேடிக்கை பார்த்தான், படம் பிடித்தான், போனான் என்கிற சுற்றுலா போதும். வருகிறவன் ஊர்க்காரனிடம் ஏதாவது ஒன்றைக் கையால் செய்யக் கற்றுக்கொண்டு போகட்டும் என்கிறீர்கள். இதற்குப் படைப்புச் சுற்றுலா என்று 2000-இல் கிரெக் ரிச்சர்ட்ஸும் கிரிஸ்பின் ரேமண்டும் பேர் வைத்தார்கள் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறாய். நல்ல யோசனை. அதற்கு மலேசியாவில் இருக்கிற உன் ஊரையே எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெருமையும்தான். பெஸ்தாரி ஜெயா என்று எழுதி, 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று அடிக்குறிப்பும் கொடுத்திருக்கிறாய். நம் ஆட்கள் வாயில் இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான், அதையும் போட்டிருக்கலாம்.

ஏழாம் பக்கம் வந்ததும்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

‘தோட்ட வாழ்க்கை: ஒரு பகல், ஓர் இரவு.’ லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) தங்கல். விடிகாலையில் பெரட்டு. தலையில் விளக்கு கட்டிக்கொண்டு மரம் வெட்ட, அதாவது ரப்பர் பாலுக்காகப் பட்டையைக் கீறப் போதல். மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, சாயங்காலம் தப்பு மேளம், ராத்திரி கம்போங் குவாந்தானில் மின்மினி. ஆளுக்கு 280 வெள்ளி (ரிங்கிட்).

பெரட்டுக்கு வெள்ளைக்காரனை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடப் போகிறார்களா என்று உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் தாத்தா பெரட்டுக்குப் பிந்தி ஓடிய நாள்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. பிந்தினால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி இல்லை. அதைக் காசு கொடுத்து அனுபவிக்க வருகிறவனுக்கு நாம் என்ன கற்றுக் கொடுக்க முடியும், சொல்லு.

உனக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். நீ மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நடந்தது, உனக்கு நினைவிருக்காது. அப்போது பத்தாம் நம்பர் காட்டில் மட்டும் கொஞ்சம் பால்மரம் மிச்சம் இருந்தது, மற்றதெல்லாம் செம்பனை (எண்ணெய்ப்பனை). ஒருநாள் ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்றது. முப்பது பேர் இருப்பார்கள். மணி பதினொன்று. பாட்டி பால் எடுத்து முடித்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி ஓடி வந்து, பாட்டி, ஒரு மரம் வெட்டிக் காட்டுங்கள் என்றான். பாட்டி சொன்னார், “பதினொரு மணிக்குப் பால் வராது தம்பி.”

அவனுக்கு அது விளங்கவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டான் போல. மரத்துக்குள் நீரின் அழுத்தம் விடிவதற்கு முன்னால்தான் அதிகம். அப்போது வெட்டினால் பால் ஓடும். வெயில் ஏறிவிட்டால் இலை வழியே நீர் போய் அழுத்தம் இறங்கிவிடும், பால் வெட்டின இடத்திலேயே நின்றுவிடும். இதைப் படித்தவர்கள் இப்படிச் சொல்வார்கள். பாட்டி, மரம் தூங்கி எழுந்ததும்தான் கொடுக்கும் என்பார். அதிலும் அந்த மரங்களைக் காலையில்தான் வெட்டியிருந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டவேண்டும். அவன் விடவில்லை. வெட்டுகிற மாதிரி நில்லுங்கள், போதும் என்றான். பாட்டி கத்தியைப் பட்டையிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது கைப்பேசி. அவன் பாட்டி கையில் ஐந்து வெள்ளியைத் திணித்துவிட்டுப் போனான். பாட்டி அதை மாரியம்மன் உண்டியலில் போட்டுவிட்டார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

உன் ஏழாம் பக்கத்தைப் படித்தபோது அந்த ஒரு விரல் இடைவெளிதான் கண் முன்னால் வந்தது.

நீ அந்த வழிகாட்டி மாதிரி இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் திட்டத்தில் வருகிறவன் நிஜமாகவே கற்றுக்கொள்ளவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் மரம் வெட்டுவதைப் பாதிப் பத்தியில் முடித்துவிட்டாயே பாப்பா. பாட்டி எப்படிச் செய்வார் என்று நீ எப்போதாவது பக்கத்தில் நின்று பார்த்ததுண்டா? முதலில் பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கிற கோட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரிப்பார். பால் விழுகிற மங்குக் கிண்ணத்தைத் திருப்பி, அடியில் இருக்கிற கட்டிப்பாலைப் பிடுங்கி இடுப்புப் பையில் போடுவார். அப்புறம்தான் கத்தி. இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும் சரிவு. ஒவ்வொரு முறையும் எடுக்கிற பட்டை உருளைக்கிழங்குத் தோலைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். ஆழமாகப் போனால் பால் கூடும் என்று ஆசை வரும். ஆனால் மரத்தின் சதைக்கும் கத்திக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது இருக்கவேண்டும். அதைத் தாண்டிப் பட்டுவிட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், அப்புறம் அங்கே சீராக வெட்டவே முடியாது. இருட்டில், கொசுக்கடியில், ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூட நிற்காமல் பாட்டி இதைச் செய்தார். அவர் நெரையில் (மர வரிசையில்) காயம் பட்ட மரம் ஒன்றுகூட இல்லை என்று மேற்பார்வை பார்க்கிற மண்டோரே சொல்வார்.

இதை ஒரு பகல், ஓர் இரவில் யாருக்குக் கற்றுக் கொடுப்பாய்?

இன்னொன்று, லயத்து வீடு. நம் நாட்டில் அரசாங்கத்தின் ஹோம்ஸ்டே திட்டம் 1995-இல் தெமர்லோ பக்கம் டேசா மூர்னியில் தொடங்கியது என்று எழுதி, அதே மாதிரி தோட்டத்திலும் செய்யலாம் என்கிறாய். அங்கே கம்பத்துக்காரனுக்கு (கிராமத்து ஆளுக்கு) வீடு சொந்தம். விருந்தாளி வந்தால் தன் வீட்டுக் கதவைத் திறந்து வா என்கிறான். நமக்கு லயம் எப்போது சொந்தமாக இருந்தது? வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்ததும் சாவியைத் தோட்டத்து எழுத்தர் கிராணி கையில் கொடுத்துவிட்டுத்தான் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். நீ பிறந்த லயத்தை இடித்து இப்போது அங்கே உரக் கொட்டகை. இனி யாராவது முதலாளி லயம் மாதிரி ஒன்றைப் புதிதாகக் கட்டி வாடகைக்கு விட்டால், அதில் நம் ஆள் விருந்தோம்புகிறவனாக இருக்கமாட்டான். படுக்கை விரிக்கிற ஆளாக இருப்பான். உன் திட்டத்தில் 280 வெள்ளியில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல் இல்லை. பன்னிரண்டு பக்கத்தில் அதற்கு இடம் இல்லாமலா போயிற்று? எடைமேடைக்காரன் புத்தி, மன்னித்துக்கொள்.

தென்னமரம் தோட்டத்தைப் பற்றி எழுதியது எனக்குப் பிடித்தது. 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்கிற பிரெஞ்சுக்காரர் நாட்டிலேயே முதல்முறையாக வியாபாரத்துக்குச் செம்பனை போட்டது நம் பக்கத்துத் தோட்டத்தில்தான் என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. பேர் தென்னமரம், நட்டது செம்பனை, நம் அதிர்ஷ்டம் அப்படி. அங்கே ஒரு சின்னக் காட்சிக்கூடம் வைக்கலாம் என்ற உன் யோசனையை எடுக்காதே, அப்படியே இருக்கட்டும்.

உன் பக்கத்து ஊர் டில்பர்க் பற்றி நீ தொலைபேசியில் சொன்னதைத்தான் நான் இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கம்பளி ஆலைக்காக அந்த ஊர் ஜனங்கள் மூத்திரத்தை ஜாடியில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்றாயே, அது. தேநீர்க்கடையில் யாரும் நம்பவில்லை. பாட்டி மட்டும் உடனே நம்பினார். “அம்மோனியா,” என்றார். பால் ஸ்டோரில் பால் உறையாமல் இருக்க அதைத்தானே ஊற்றுவார்கள், நாள்பட்ட மூத்திரத்தில் வருகிற வாசமும் அதேதான், கம்பளி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க உதவியிருக்கும் என்று எழுபத்தொரு வயதில் எனக்குப் பாடம் நடத்தினார். நாலாம் வகுப்பு வரை படித்தவர்.

பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களை ஜாடியில் பெய்கிறவர்கள் என்று கேலி செய்ய, இவர்கள் அதையே எடுத்துக்கொண்டு கார்னிவல் நாள்களில் தங்கள் ஊருக்கு ஜாடி நகரம் என்று பேர் சூட்டிக்கொள்கிறார்கள் என்றும் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தோட்டக்காட்டான் என்கிற சொல் ஞாபகமாகவே இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் பட்டணத்துப் பிள்ளைகள் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். உன்னையும் ஒருத்தி கூப்பிட்டு நீ அழுதுகொண்டு வந்தது தெரியும். அந்தச் சொல்லை நாமே எடுத்துச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதையே ஒரு கம்பெனி தன் பஸ்ஸில் எழுதிக்கொண்டு வந்தால் நான் கல் எடுப்பேன். உங்கள் ஆசிரியரிடம் இந்த வித்தியாசத்துக்குப் படிப்பில் என்ன பேர் என்று கேட்டு எழுது.

அந்த ஜவுளி அருங்காட்சியகத்தில் தறிகள் இன்னும் ஓடுகின்றன, வடிவமைப்பாளர்கள் வந்து நெய்துகொண்டு போகிறார்கள் என்றாய். ரயில் பட்டறையை நூலகமாக்கி, பழைய தண்டவாளத்தின் மேலேயே மேசைகளை உருட்டுகிறார்கள் என்று படமும் அனுப்பினாய். 2019-இல் உலகத்திலேயே சிறந்த கட்டடம் என்று பரிசு வாங்கியதாமே. அந்தத் தண்டவாளத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் புகைக்கூண்டு ஞாபகம் வந்தது, ரப்பர் தகடு உலர்த்துகிற கட்டடம். அதன் கதவை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சரி, அதை விடு. அங்கே தறி ஓட்டுகிறவர் மாதச் சம்பளக்காரரா, வருகிற கூட்டத்தை நம்பி இருக்கிறவரா? எனக்கு அதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

மின்மினி பற்றி ஒன்றுதான். சாம்பான் படகுக்காரர்கள் இயந்திரம் இல்லாமல் துடுப்புப் போடுவதையும், வெளிச்சம் அடிக்கக்கூடாது என்பதையும் எழுதியிருக்கிறாய். பூச்சி பெரெம்பாங் மரத்தில் மினுக்குவதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அதன் குஞ்சு ஆற்றங்கரைச் சேற்றில் சின்ன நத்தையைத் தின்று வளர்கிறது. அந்தக் கரையை வழித்துச் செம்பனை போட்டால் மரம் நின்றும் பிரயோஜனம் இல்லை. ஆகவே கரையைப் பற்றி ஒரு பத்தியாவது சேர். அந்தச் செம்பனையை எடை போட்டுத்தான் உனக்குப் பீஸ் கட்டினேன் என்பதும் எனக்குத் தெரியும், அதைக் குறிப்பில் போடாதே.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, “கத்துக்க வரட்டுமே, என்ன இப்போ,” என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு நேரத்தில் நாலு பேர். ஐந்து மணிக்குக் காட்டில் இருக்கவேண்டும், பிந்தினால் வீட்டுக்குப் போகலாம் (பெரட்டு போகவில்லை பார்). முதல் மூன்று நாள் சாய்க்கப்போகிற கிழட்டு மரத்தில்தான் கை வைக்கவேண்டும். நல்ல மரத்தில் காயம் போட்டால் அவனே மரத்துக்காரரிடம் போய்ச் சொல்லவேண்டும். மங்கு கழுவாமல் யாரும் சாப்பிட உட்காரக்கூடாது. நாள் கூலி பாட்டி கையில், அன்றைக்கே. சாப்பாடு இந்த வீட்டில், இது நம் வீடு. தவணை கட்டி முடித்து ஆறு வருஷம் ஆகிறது என்பதையும் சொல்லச் சொன்னார்.

மரத்துக்கு என்ன செய்வது என்று யோசிக்காதே. எட்டாவது மைல் கட்டையில் சீனர் ஒருவருடைய ஐந்து ஏக்கரை மாமா பங்கு வாரத்துக்கு வெட்டுகிறாரே, அங்கே பாட்டி இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் போய்வருகிறார். முட்டி வலி என்று மருத்துவரிடம் சொல்வார், மாமாவிடம் சொல்லமாட்டார்.

திருத்தி எழுத உனக்குப் பதினைந்து நாள் இருக்கிறது என்றாய். அதற்குள் பாட்டி உனக்கும் உன் கூட்டாளிகள் மூவருக்கும் காணொளியில் வெட்டிக் காட்டுவாராம். தம்பி கைப்பேசியைப் பிடித்துக்கொள்வான். இங்கே விடிகாலை ஐந்து என்றால் உங்களுக்கு முதல்நாள் ராத்திரி பத்து, தூங்கிவிடாதீர்கள். திங்கள்கிழமை மாமா வெட்டிவிட்டார், ஆகவே இங்கே புதன்கிழமை, உங்களுக்குச் செவ்வாய் ராத்திரி. மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் கிடையாது, வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா