பள்ளித் தோட்டமும் சமையலும் பாடவேளைக்குள் வர வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் அமைப்பது குறித்து நாளிதழ்களில் வரும் செய்திகளை ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அச்செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கல்வித் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தோட்டம் எவ்வளவு பரப்பில் அமைந்தது, யார் தொடங்கி வைத்தார் என்பதெல்லாம் செய்தியில் இருக்கிறது. அத்தோட்டத்தைக் கொண்டு எந்தப் பாடத்தை, எந்தப் பாடவேளையில், யார் நடத்துகிறார் என்பது இருப்பதில்லை. கால அட்டவணையில் இடம் பெறாத எந்தப் பணியும் பள்ளியில் நிலைத்ததில்லை என்பதை ஆசிரியராக இருந்த எவரும் அறிவர்.

பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றிய அரசு 2019ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டது. 1982 முதல் சத்துணவுத் திட்டம் நடந்துவரும் நம் மாநிலத்தில், பல பள்ளி வளாகங்களில் சமையற்கூடமும் சமையலரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். வெளிநாடுகளில் சில பள்ளிகள் பெருஞ்செலவில் உருவாக்க வேண்டியிருந்த ஏற்பாட்டில் பாதி நம்மிடம் கைவசம் இருக்கிறது. ஆனால் அடுப்புக்கும் வகுப்பறைக்கும் இடையே உள்ள முப்பது அடியைக் கடக்க நாம் இன்னும் வழி செய்யவில்லை.

தோட்டத்தையும் சமையலையும் பாடமாக்கும் வகுப்புகளைப் பற்றிப் பேசினால், “எம்பிள்ளை மம்பட்டி பிடிக்கவா பள்ளிக்கூடம் போகுது?” என்று பெற்றோர் கேட்பார்கள். அக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவது பெருந்தவறு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பனார் செய்யும் தொழிலிலும் பழக வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் உள்ளிட்டோர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. மண்ணில் உழைத்தே தேய்ந்த குடும்பம், தன் பிள்ளையாவது நாற்காலியில் உட்கார வேண்டும் என்று விரும்புவது முற்றிலும் நியாயமானது. எனவே, பள்ளித் தோட்டம் என்பது வேலை வாங்கும் இடமாக ஒருபோதும் ஆகக் கூடாது. வீட்டுப்பாடம் எழுதாதவனைக் களை பறிக்க அனுப்புவதும், படிப்பில் பின்தங்கியவர்களை மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் வெளிப்படையாகத் தடைசெய்யப்பட வேண்டும். விவசாயக் கூலியின் பிள்ளையும், மளிகைக் கடைக்காரர் பிள்ளையும், அங்கேயே படிக்கும் ஆசிரியரின் பிள்ளையும் ஒரே பாத்தியில் குனிந்து நிற்கும்போதுதான் அது பாடம்.

பாடம் என்று நான் சொல்வது எதை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். பூசணிக்கொடியில் பூ நிறையப் பூக்கிறது, காய் நிற்கவில்லை என்று பிள்ளைகள் வந்து சொல்வார்கள். உடனே கொடியருகே அழைத்துச் சென்று பூக்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சில பூக்கள் வெறுங்காம்பில் நிற்கும். சிலவற்றில் இதழுக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னது ஆண் பூ, பின்னது பெண் பூ. ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தம் ஒட்டியிருக்கும் நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் காலை வேளையிலேயே தடவிவிட்டு, அக்காம்பில் ஒரு நூலைக் கட்டி வைத்தால், நூல் கட்டிய பிஞ்சு பருக்கிறதா, கட்டாதது வெம்பி உதிர்கிறதா என்பதைச் சில நாள்களில் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். பருக்காதவை ஏன் பருக்கவில்லை என்று கேட்டால் அடுத்த வாரத்துப் பாடமும் கிடைத்துவிடும். தேனீ வராத தோட்டத்தைப் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். அயல் மகரந்தச் சேர்க்கை என்ற தலைப்பில் பாடநூலில் இருக்கும் படத்தைப் பார்த்து வரைந்த பிள்ளைக்கும், நூல் கட்டிய பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை விடைத்தாளிலேயே பார்க்கலாம்.

கணக்குப் பாடத்துக்கும் தோட்டத்தில் குறைவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைத் தூள் என்ற அளவில் துணியில் முடிந்து இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தால் ஐந்து சதவீதப் பூச்சிவிரட்டிக் கரைசல் தயார். பத்து லிட்டர் தெளிப்பானுக்கு எவ்வளவு தூள் வேண்டும் என்பதைக் கணக்கிடும் பிள்ளைக்குச் சதவீதம் எதற்கு என்ற சந்தேகம் வராது. அதைத் தெளிக்குமுன், அவரைக் கொழுந்தில் அடையாக ஒட்டியிருக்கும் அசுவினியையும், அதைத் தின்ன வரும் பொறிவண்டையும் கைக்கண்ணாடியால் பார்க்க வைப்பது நல்லது. பொறிவண்டு போதிய அளவில் இருந்தால் தெளிக்கவே தேவையில்லை என்ற முடிவைப் பிள்ளைகளே எடுக்கட்டும்.

பள்ளித் தோட்டம் இயற்கை முறையில்தான் நடக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. சமையற்கூடம் உள்ள வளாகத்துக்குள் இரசாயனப் பூச்சிக்கொல்லி டப்பா எந்தக் காரணத்துக்காகவும் நுழையக் கூடாது. காலியான டப்பாவுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது சமையல். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. அந்தத் தீ சமையற்கூடத்தில் தொடங்கியது என்பதை மறந்துவிட்டுப் பிள்ளைகளை அடுப்பருகே நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அடுப்பு சமையலரின் பொறுப்பிலேயே இருக்கட்டும். ஆயினும் சமையலில் அடுப்புக்கு முன்னே நடப்பவை ஏராளம். கீரையை ஆய்வது, நறுக்குவதற்கு முன்பே கழுவுவது, எடை போடுவது, உப்பு அளப்பது, ருசி பார்த்துச் சொல்வது ஆகிய அனைத்தும் பிள்ளைகள் செய்யக்கூடியவை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 75 கிராம் காய்கறி என்பது விதி. நாற்பது பேருக்கு மூன்று கிலோ. அந்த மூன்று கிலோ கத்தரிக்காயைத் தராசில் வைத்துப் பார்த்த பிள்ளைகள், தங்கள் தட்டுக்கு வருவது எவ்வளவு என்று மறுநாளே கேட்கத் தொடங்குவார்கள். அக்கேள்வியைத் தலைமை ஆசிரியர்கள் வரவேற்க வேண்டும்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. முருங்கைக்கீரை நல்லது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி துணை செய்கிறது என்பதைச் சொல்லி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சாப்பிடச் செய்தால், அது அன்று மாலையே வீட்டுக்குச் சென்றுவிடும். தானே விதைத்துப் பறித்த கீரையை ஒதுக்கி வைக்கும் பிள்ளைகள் குறைவு என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

இவ்வகுப்புகளில் பையன்கள் வெளியே தண்ணீர் ஊற்றுவதும் பெண்பிள்ளைகள் உள்ளே காய் நறுக்குவதும் என்ற பிரிவினை முதல் நாளே வந்துவிடும்; அதை அனுமதிக்கவே கூடாது. அதைவிட முக்கியமானது, சமையலர் அன்றைக்கு ஆசிரியராக நிற்க வேண்டும் என்பது. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைப்பதை ஊரில் சிலர் எதிர்த்த கொடுமையை நாம் பார்த்தோம். எந்தக் கீரை எவ்வளவு நேரத்தில் வேகும், பருப்பு ஏன் வேகாமல் நிற்கிறது என்பதையெல்லாம் சமையலர் எடுத்துச் சொல்ல, பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் நிலை வந்தால், அவரைப் பிள்ளைகள் பார்க்கும் பார்வையே மாறும். அதற்குரிய மதிப்பூதியமும் அவருக்குத் தரப்பட வேண்டும்.

நடைமுறையில் பள்ளித் தோட்டங்களைக் கொல்வது பூச்சியல்ல, மே மாதம். ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் கதவு பூட்டப்படுகிறது. தண்ணீர் ஊற்ற ஆளில்லை. வேலி சாய்ந்து ஆடு நுழைகிறது. ஜூனில் வரும்போது கட்டாந்தரைதான் மிஞ்சுகிறது. இதற்கு வழி இருக்கிறது. ஜூனில் மண்ணைக் கொத்தித் தொழுவுரம் இட்டு, ஆடிப்பட்டத்தில் விதைத்தால், ஒரு மாதத்தில் கீரையும் ஏறத்தாழ ஐம்பது நாளில் வெண்டையும் கொத்தவரையும் காலாண்டுத் தேர்வையொட்டிக் கைக்கு வந்துவிடும். பருவமழைக்குப் பின் ஒரு விதைப்பு, அவ்வளவே. கோடைக்கு முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை போன்றவற்றை மட்டும் நம்பலாம். பள்ளி நடக்கும் மாதங்களில் பிள்ளைகள் கைகழுவும் நீரையும் அரிசி களையும் நீரையும் வாய்க்கால் வெட்டித் திருப்பினால், வேர் பிடித்த மரங்கள் இரண்டு மாதத்தைத் தாக்குப்பிடிக்கும். கோடையில் வாரம் இருமுறை தண்ணீர் விட ஒருவருக்கான கூலியைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் செலவினத்தில் எழுத்துப்பூர்வமாக அனுமதித்துவிட்டால் போதும்.

ஆகவே, கல்வித் துறையிடம் நான் வேண்டுவது இதுதான்: வரும் கல்வியாண்டுக்கான கால அட்டவணை தயாராகும் முன்பே, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரு பாடவேளைகளை அடுத்தடுத்து ஒதுக்கி, அறிவியல் அல்லது கணக்கு ஆசிரியரின் பணிநேரத்திலேயே அவற்றைச் சேர்க்க வேண்டும். தன்னார்வம் என்ற பெயரில் மாலை ஐந்து மணிக்குத் தள்ளினால் ஓராண்டுக்கு மேல் நிற்காது. தேர்வும் மதிப்பெண்ணும் இதற்கு வேண்டாம். மதிப்பெண் வந்தால், பெற்றோர் கடையில் வாங்கிய கத்தரிக்காயைப் பையில் போட்டு அனுப்பும் நிலை வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.